பாசார் காராட்டில் நம் வீட்டுப் பொருள்கள்



பழைய சாமான் சந்தையைப் பற்றி ஒரு தமிழ் மேடையில் பேச என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நிறைய இருக்கிறது. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் மன்னன் அரண்மனையோடு நின்றுவிடவில்லை. நாளங்காடிக்குள் நுழைந்தார், பொழுது சாய்ந்த பின் அல்லங்காடிக்குள்ளும் நடந்தார், யார் யார் எதை எதை விற்றார்கள் என்று பார்த்துப் பாடினார். ஓர் ஊரை அறிய வேண்டுமானால் அதன் இரவுச் சந்தைக்குள் நடக்க வேண்டும் என்பது நம் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் ஜொகூர் பாருவின் அல்லங்காடி செகெட் சாலைப் பக்கம் பெயர் பெற்றது. பழைய சாமான் விற்கும் பாசார் காராட் என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். பெரிய கடைகள் விளக்கைக் குறைக்கும் நேரத்தில் இங்கே தார்ப்பாய் விரிகிறது. முன்வரிசையில் இருப்பவை பெரும்பாலும் புதியவை: கைப்பேசி உறை, இடுப்பு வார், வாசனைத் திரவியம், விளையாட்டுக் காலணி. அடுத்து பண்டல் துணிகள். ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் ஜீன்ஸையும் குளிர்ச்சட்டையையும் இளைஞர்கள் தையலைத் திருப்பிப் பார்த்து வாங்குவார்கள். அதையும் தாண்டி ஓரத்துக்குப் போனால்தான் நான் பேச வந்த பொருள்கள் கிடைக்கும். நின்றுபோன கைக்கடிகாரம், மண்ணெண்ணெய் அடுப்பு, இசைத்தட்டு, சதுரக் காசு, இரும்புப் பெட்டி, பித்தளைப் பாத்திரம். அந்த ஓரத்துக்கு நம் மக்கள் அதிகம் போவதில்லை. அங்கே கிடப்பவற்றில் பாதி நம் வீட்டிலிருந்து போனவை.

அக்கரையில் சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1930களில் தொடங்கியது. திருட்டுச் சந்தை என்ற பெயரோடு வாழ்ந்து, 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. சென்னையில் மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தபோது, தலைமுறை தலைமுறையாகப் பழைய புத்தகம் தேடியவர்கள் சொந்த வீட்டையே இழந்தவர்களைப் போல அழுததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட சந்தைகள் நிலையானவை அல்ல. நிலத்துக்கு விலை ஏறினால் முதலில் எழுந்து போகச் சொல்லப்படுவது தரையில் உட்கார்ந்து விற்பவர்தான். பினாங்கில் லோரோங் கூலிட் சந்தை இன்னும் இருக்கிறது. ஜொகூரிலும் இருக்கிறது. இருக்கும்போதே அதை மதிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நம் மாநிலத்துச் சந்தைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. 2014 ஜனவரி முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை நாம் வேலைக்குப் போவோம், அன்று பாலம் கடந்து வரும் சிங்கப்பூர்க்காரர்கள் சாவகாசமாகச் சுற்றுவார்கள். 11 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறை வந்தது. இப்போது மறுநாள் வேலை என்ற கவலை இல்லாமல் இரு கரைக்காரர்களும் ஒரே சனிக்கிழமை இரவில் ஒரே தார்ப்பாயின் முன் குனிகிறார்கள். 1973 மே மாதம் வரை இரண்டு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறியது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல். எனவே ஐந்து வெள்ளி குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் வாதாடும் அக்கரை நண்பரிடம் நான் உரிமையோடு ஒன்று சொல்வேன். உங்களுக்கு அது ஒரு கோப்பிக் காசு, உட்கார்ந்திருப்பவருக்கு அது இரவுச் சாப்பாடு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சரி, பேரத்துக்கு வருவோம்.

பேரம் பேசுவது நாகரிகக் குறைவு என்று நம்மில் படித்தவர்கள் பலர் நினைக்கிறார்கள். விலைச்சீட்டு ஒட்டிய கடையில் வாங்கினால்தான் மரியாதை என்ற எண்ணம். ஆனால் விலைச்சீட்டு மனித வரலாற்றில் நேற்று வந்தது. ஜப்பானில் மிட்சுயி குடும்பம் எடோ நகரில் 1673இல் திறந்த எச்சிகோயா துணிக்கடைதான், ரொக்கத்துக்கு ஒரே விலை என்ற முறையை முதலில் துணிந்து நடத்தியவற்றுள் ஒன்று. பாரிசில் பூசிக்கோ 1852இல் போன் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்த பிறகுதான் ஐரோப்பாவில் அந்தப் பழக்கம் பெரிதாகப் பரவியது. அதற்கு முன் உலகம் பெரும்பாலும் பேசித்தான் வாங்கியது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகரும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். பேசாமலே பேசும் அந்தக் கலையை நாகரிகக் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

பாசார் காராட்டில் பேரம் ஏன் தேவைப்படுகிறது என்பதை ஒரு பொருளியல் அறிஞர் வழியாகச் சொல்கிறேன். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் விற்பனையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஆய்வுக்காகவே 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். விற்பவருக்குக் காரின் கோளாறு தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகித்துக் குறைத்தே கேட்பார், நல்ல கார் வைத்திருப்பவர் சந்தைக்கே வராமல் போய்விடுவார். இதுதான் அவர் காட்டியது. புதுப் பொருளுக்கு விலைச்சீட்டு போதும், ஒன்றைப் போல ஆயிரம் இருக்கின்றன. பழைய பொருளில் ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. பேசினால்தான் அது என்ன என்று தெரியும்.

நம் சந்தையில் இந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாக இருக்கிறது. விற்பவருக்குத் தெரியாதது வாங்குபவருக்குத் தெரிகிறது. அங்கேதான் நம் நாணயம் சோதிக்கப்படுகிறது. ஓர் அனுபவத்தைச் சொன்னால் விளங்கும்.

ஓர் இரவு, ஒரு மலாய்ப் பெரியவரின் பாயில் பித்தளைத் தவலை ஒன்று கிடந்தது. பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. கையில் எடுத்துக் கட்டைவிரலால் துடைத்தேன். எழுத்து. நம் பாத்திரக் கடைகளில் சிற்றுளியும் சுத்தியும் வைத்துப் பெயர் வெட்டுவார்களே, அந்த எழுத்து. க. மு. என்று இரண்டு முதலெழுத்து, பக்கத்தில் லாயாங் லாயாங், 1958. புள்ளிகளாலேயே எழுதும்போது மெய்யெழுத்தின் புள்ளியை எப்படிக் காட்டுவது? அந்தக் கைவினைஞர் ‘ங்’ வரும் இரண்டு இடத்திலும் உளியை ஓங்கி ஒரு போடு போட்டிருந்தார். மற்றப் புள்ளிகளைவிட இரு மடங்கு ஆழம். இலக்கணம் வழுவாமல் ஒரு தவலையில் பெயர் வெட்டியிருக்கிறார் அந்த மனிதர்.

“பாக்சிக், இனி பெராப்பா?” என்று விலை கேட்டேன்.

“செராத்துஸ் லீமா பூலோ,” என்றார். நூற்றைம்பது வெள்ளி.

நான் உடனே தொகை சொல்லவில்லை. இது பூவேலை இல்லை, எழுத்து என்று மலாயில் சொன்னேன். குளுவாங் பக்கத்து ஊர்ப் பெயர், வருடம், பெயரின் முதலெழுத்துகள், பெரும்பாலும் கல்யாணச் சீராக இருக்கும் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பக்கத்துப் பாயிலிருந்த சீன அங்கிளையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் தவலையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்கள். அதன் பிறகே நான் நூற்றிருபது சொன்னேன். அவர் நூற்று முப்பது என்றார். முடிந்தது.

இருபது வெள்ளி குறைந்ததா பெரிது? வாங்கி முடித்த பிறகு அவராகவே சொன்னார். குளுவாங்கில் ஒரு வீட்டைக் காலி செய்தார்களாம், லாரிக்காரர் கொண்டுவந்தாராம், இதே போலக் கழுத்தில் புள்ளி வைத்த பாத்திரங்கள் இன்னும் இருந்தனவாம், கிலோ கணக்கில் உருக்கப் போய்விட்டனவாம். இனிமேல் புள்ளி வைத்தது வந்தால் எடுத்து வைப்பேன் என்றார். எழுத்து என்று தெரிந்தால் ஏற்றிவிடுவாரே, வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாமே என்று சேகரிப்பாளர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, அவர்கள் பிறர் பொருளையும் தம் பொருள் போலக் கருதினார்கள், மிகையாக வாங்கவும் இல்லை, குறைத்துக் கொடுக்கவும் இல்லை என்றுதான் புகழ்கிறது. தெரிந்ததை மறைத்து வாங்குவது குறைத்துக் கொடுப்பதில் சேரும். அதோடு, விற்பவருக்குத் தெரிந்தால்தான் அடுத்த தவலை உலைக்குப் போகாது. என் வாய்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

பேரம் பேசும் முறையைப் பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். “போலே குராங்?”, குறைக்க முடியுமா என்று கேட்கலாம், அதில் தவறே இல்லை. கேட்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் அவரும் விலை சொல்கிறார். பொருளை மட்டம் தட்டாதீர்கள். “இந்தக் குப்பைக்கா இவ்வளவு” என்று ஆரம்பித்தால் அவர் முகம் மூடிக்கொள்ளும், பிறகு கதை வராது. நீங்கள் ஒரு தொகை சொல்லி அவர் சரி என்றுவிட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும். “யோசிச்சிட்டு வரேன்” என்று அங்கிருந்து நழுவுவதைப் போன்ற அவமரியாதை சந்தையில் வேறில்லை. தமிழ்க் கடைக்காரராக இருந்து, “முதல் போணி சார், பார்த்துக் கொடுங்க” என்றால் அங்கே ரொம்ப இழுக்காதீர்கள். நாலைந்து பொருளைச் சேர்த்து எடுத்தால் அவரே குறைப்பார். இப்போது தரைக்கடையிலும் கியூஆர் அட்டை நிற்கிறது. முன்பெல்லாம் பையைத் திறந்து, “அண்ணே, இவ்வளவுதான் இருக்கு” என்றால் பேச்சு அங்கே முடியும். கைப்பேசிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நான் இன்னும் பத்து வெள்ளித் தாள்களாகவே கொண்டுபோகிறேன். அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

இனி, பார்க்கத் தெரிவது எப்படி என்று கொஞ்சம்.

சிங்கர் தையல் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து லயங்களில் ஒரு காலத்தில் அது இருந்த வீடு வசதியான வீடு. அதன் அடித்தட்டில், வலப்பக்கத்தில், எண் பொறித்திருக்கும். சிங்கர் நிறுவனம் எண்களைத் தொகுதி தொகுதியாக ஒதுக்கியதால், அந்த எண்ணை வைத்தே மெஷின் எப்போது பிறந்தது என்று சொல்லலாம். ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்தில் எண் தொடங்கினால், அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் 1920களிலோ 1930களின் முற்பகுதியிலோ செய்தது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அந்த மெஷின் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்து, ஏதோ ஒரு தோட்டத்தில் தீபாவளிச் சட்டை தைத்து, கடைசியில் பாசார் காராட்டுக்கு வந்திருக்கிறது. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சிக்காமல் ஓடினால் எண்ணெய் போட்டு இன்றைக்கும் தைக்கலாம்.

காசு வாங்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மன்னர் தலை போட்ட சதுர ஒரு காசு சாதாரணமாகக் கிடைக்கும், பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்க நல்ல பொருள். ஜப்பான் காலத்துப் பத்து வெள்ளித் தாள், வாழை மரம் போட்டது, 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமானது. அதை மூட்டையில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்த குடும்பங்களின் கதை உங்கள் பாட்டிமாருக்குத் தெரியும். பெரிய வெள்ளி நாணயங்களில்தான் போலி அதிகம். 1903இல் வெளிவந்த நீரிணைக் குடியேற்ற நாடுகளின் ஒரு டாலர் நாணயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, எடை ஏறக்குறைய 27 கிராம். ஒரு சின்னக் காந்தமும் சட்டைப்பைத் தராசும் கொண்டுபோங்கள். காந்தத்தில் ஒட்டினால் கும்பிட்டு வைத்துவிட்டு நகருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பெட்டி இல்லாத புதுக் கைப்பேசி, கடவுச்சொல் தெரியாத மடிக்கணினி, இவற்றைத் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்குவது தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவின்படி குற்றம்.

இப்போது, எனக்கு மிகவும் வேதனை தரும் பகுதிக்கு வருகிறேன். இந்தப் பொருள்கள் அங்கே எப்படிப் போய்ச் சேருகின்றன?

மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்று சாப்பாட்டுக் கடைகளும் நீர்ப் பூங்காவும் உள்ள பெரிய குடியிருப்பு. முன்பு அது ரப்பர்த் தோட்டம். அங்கே நிரை பிடித்துப் பால் வெட்டினார்கள், விடியலுக்கு முன் பெரட்டுக்கு நின்றார்கள், காண்டா வாளியில் பால் சுமந்தார்கள். ஜொகூர் முழுவதும் தோட்டங்கள் செம்பனையாக மாறின, பிறகு பல தாமான்களாக மாறின. லயத்தை விட்டு மூன்று அறை வீட்டுக்கு வந்தபோது பெட்டியும் தவலையும் கூடவே வந்தன. அங்கிருந்து பிள்ளைகளின் அடுக்குமாடிக்குப் போகும்போது வரவில்லை. பாட்டி இறந்து, காரியம் முடிந்து, வீட்டை ஒழிக்கும் நாளில் பழைய தாள் வாங்கும் “பேப்பர் லாமா” லாரி தெருவில் ஒலிபெருக்கியோடு வருகிறது. எல்லாம் ஏறிவிடுகிறது. தமிழ் நேசனின் பழைய இதழ் கட்டும் ஏறிவிடுகிறது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ஏட்டின் கட்டு அது. இதழ் நின்ற பிறகு அது குப்பையில்லை, ஆவணம்.

பால் வெட்டும் கத்தியையும் பீங்கான் மங்கையும் அலங்காரப் பொருளாகக் கடைகளில் மாட்டி வைப்பதைப் பார்க்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை, யாரோ ஒருவர் பாதுகாக்கிறார். வருத்தம் என்னவென்றால், அந்த மங்கு எந்தத் தோட்டத்தது, அந்தக் கத்தியைப் பிடித்தவர் யார் என்பது எங்கேயும் இல்லை. கத்திப் பிடியில் உள்ளங்கை தேய்த்த பள்ளத்தைப் பாருங்கள். பிடி வலது பக்கம் தேய்ந்திருக்கும், சிலவற்றில் இடது பக்கம் தேய்ந்திருக்கும். இடக்கைக்காரர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் பட்டையைச் சீவியிருக்கிறார். அந்த ஒரு செய்திதான் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. ஊரும் பேரும் லாரியில் ஏறும்போதே உதிர்ந்துவிட்டன.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது நடைமுறையான சில காரியங்கள். விற்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சின்ன வீட்டில் எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது, விற்பதில் வெட்கமும் இல்லை. விற்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வரி எழுதுங்கள்: இது யாருடையது, எந்தத் தோட்டம், எதற்குப் பயன்பட்டது. பென்சிலில் எழுதுங்கள், மை கரையும். அதை நெகிழிப் பையில் போட்டுப் பொருளோடு கட்டிவிடுங்கள். பாத்திரத்தில் வெட்டிய பெயரைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய, மாவை லேசாகத் தேய்த்துத் துடைத்தால் போதும், புள்ளிகளில் மாவு நிற்கும். இதழ் கட்டும் கடிதமும் தோட்டத்துச் சம்பளப் புத்தகமும் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தையோ மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையையோ முதலில் கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பெற்றோருடன் ஒரு சனிக்கிழமை இரவு அங்கே அழைத்துப் போங்கள். ஆளுக்குப் பத்து வெள்ளி. பொருளின் கதையை விற்பவரிடம் கேட்ட பிறகே விலை பேச வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு மலாயும் வரும், மனக்கணக்கும் வரும், பெரியவர்களிடம் பேசும் பணிவும் வரும். வாங்கியதைப் பற்றித் திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மழை நாளில் பாதிப் பேர் கடை விரிக்க மாட்டார்கள், வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கைவிளக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஓரத்துப் பாய்களில் வெளிச்சம் போதாது.

வீட்டிலிருந்து பொருள் கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசை மேசையில் வையுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.